ரூம் எடுத்தவர்கள் ஐந்து நட்சத்திரம் கொடுத்த ரிசார்ட்டுக்கு, வேலை கேட்டுப் போனவளின் ஒன்றரை

ஏற்காட்டில் உள்ள அந்த ரிசார்ட்டைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் நல்லபடியாக எழுதியிருக்கிறார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டுகிற மாதிரி மேகம், ராத்திரி கேம்ப் ஃபயர், சுடச்சுட நெய் தோசை, அன்பான உபசரிப்பு. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். நான் அங்கே ரூம் எடுத்துத் தங்கியதில்லை. அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் வேலைக்கு மனுப் போட்டு, அதற்காக மூன்று தடவை மலை ஏறி இறங்கியவள். அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற 60, இறங்க 60. இது அந்த 120 வளைவுகளுக்கான விமர்சனம்.

பெயர் போடப் போவதில்லை. சேலத்தில் கணக்கு எழுதுகிறவர்களின் உலகம் சின்னது. செவ்வாய்ப்பேட்டையில் தும்மினால் அஸ்தம்பட்டியில் ‘நூறாயுசு’ சொல்வார்கள். தவிர, அந்த கேட்டில் நிற்கும் பெரியவருக்கும், ஹெச்ஆர் மேஜையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்ணுக்கும் என்னால் எந்தத் தொந்தரவும் வர வேண்டாம். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அதே விளம்பரம் இந்த வாரம் மறுபடியும் கண்ணில் பட்டது. அதே ‘அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்’, அதே ‘22,000 முதல் 25,000 வரை’, அதே ‘உணவு, தங்குமிடம் இலவசம்’. இந்த இலவசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பி.காம் படித்தவள், வீடு கண்ணங்குறிச்சியில். அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், ஒன்பது வருஷம் கணக்குப் பார்த்தேன். மரவள்ளிக் கிழங்கு வண்டி எத்தனை வந்தது, 90 கிலோ மூட்டை எத்தனை போனது, ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் ஏலத்துக்கு அனுப்பிய லாட் என்ன விலைக்குப் போனது, எல்லாம் என் கையெழுத்தில்தான். அப்புறம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. மூன்று வருஷம் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டேன். அவர் போன பிறகு திரும்ப வேலை தேடக் கிளம்பினேன். பையன் ஏழாவது படிக்கிறான். வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக். கதை அவ்வளவுதான்.

விளம்பரத்தைப் பார்த்தது 2024 தீபாவளிக்கு முந்தின வாரம். மனு அனுப்பினேன். நவம்பர் 5-ம் தேதி போன் வந்தது. ஹெச்ஆரில் இருந்த அந்தப் பெண்தான் பேசினாள். குரலைக் கேட்டால் இருபத்துநான்கு வயதுக்கு மேல் சொல்ல முடியாது. கணக்கு எழுதுகிற டாலி சாஃப்ட்வேர் தெரியுமா, ஜிஎஸ்டி தெரியுமா, மலைக்கு வர முடியுமா என்று மூன்று கேள்வி. தெரியும், தெரியும், முடியும் என்றேன். “சூப்பர் மேடம், 13-ம் தேதி காலை பத்து மணிக்கு நேரில் வந்துடுங்க” என்றாள். இதுவரை எந்தக் குறையும் இல்லை.

13-ம் தேதி காலை புது பஸ் ஸ்டாண்டில் ஏறினேன். எனக்கு மலைப்பாதை ஆகாது. கையில் எலுமிச்சம்பழம், மடியில் சர்டிஃபிகேட் ஃபைல், கண்ணை மூடிக்கொண்டு வளைவுகளை எண்ணியபடி போனேன். ஒண்டிக்கடையில் இறங்கி ஆட்டோ பிடித்து, காப்பித் தோட்டத்துக்கு நடுவே போகும் ஒரு பாதையில் திரும்பி, 9.40-க்கெல்லாம் கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் பெரியவர் ரிஜிஸ்டரில் பெயர் எழுதச் சொன்னார். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டதற்கு, “இன்டர்வியூன்னு எழுதும்மா. இந்த மாசத்துல நீ ஒன்பதாவது ஆளு” என்றார். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் கூப்பிட்டது 1.40-க்கு. அதுவரை எங்கே உட்காருவது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. ரிசப்ஷனில் நல்ல சோபா இருக்கிறது, ஆனால் அது ‘கெஸ்ட்’களுக்கு. அந்தப் பெண் கூச்சத்தோடு வந்து, “மேடம், கொஞ்சம் வெளியில வெயிட் பண்றீங்களா, செக்-இன் டைம்” என்றாள். வெளியில் என்றால் போர்டிகோ. நவம்பர் மாசம், ஐயாயிரம் அடிக்குப் பக்கத்தில் உயரம், பனி மூட்டம் புடவைக்குள்ளேயே இறங்குகிறது. நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு வாட்ச்மேன் பெரியவர் தன் கூண்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். பிளாஸ்கில் இருந்த காப்பியை மூடியில் ஊற்றிக் கொடுத்தார். மலைக் காப்பி, கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டது. இந்த விமர்சனத்தில் நான் கொடுக்கும் ஒன்றரை நட்சத்திரத்தில் ஒன்று முழுசாக அந்த மூடிக் காப்பிக்கு.

இன்டர்வியூ பதினோரு நிமிஷம். எதிரில் இருந்தவர் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். ஐம்பதை நெருங்குகிறவர், கண்ணுக்குக் கீழே கருவளையம், மேஜை மேலே பில் கட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டுக் குவிந்து கிடந்தன. விஷயம் தெரிந்தவர் என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. அட்வான்ஸாக வாங்கிய ரூம் பணத்தை எப்போது வருமானமாக எழுதுவீர்கள் என்று கேட்டார். சேகோ மில் ஆளிடம் கேட்கக்கூடிய நியாயமான கேள்விதான். சொன்னேன். தலையாட்டினார். “பிராக்டிகலா ஒரு டெஸ்ட் வச்சுடலாம்மா. அதுல ஓகேன்னா எம்டியைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி” என்றார்.

டெஸ்ட்டுக்கான ஃபைலை மெயிலில் அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். கூடாதாம். ‘கான்ஃபிடென்ஷியல் டேட்டா’வாம். 16-ம் தேதி சனிக்கிழமை நேரில் வந்து பென்டிரைவில் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஆக ஒரு பென்டிரைவுக்காக இன்னொரு நாற்பது வளைவு. அவ்வளவு ரகசியமான டேட்டாவை, ஆதாரைக்கூடப் பார்க்காத ஒருத்தியிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்பது என்ன கணக்கோ.

அந்த டெஸ்ட்டைப் பற்றித்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி வேலை தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நமக்குச் சரக்கு விற்றவர்கள் அவரவர் தாக்கல் செய்த பில்களை வைத்து, ஜிஎஸ்டி தளம் மாதாமாதம் 14-ம் தேதி ஒரு பட்டியல் தரும். அதற்குப் பெயர் ஜிஎஸ்டிஆர்-2பி. நம்முடைய கொள்முதல் ரிஜிஸ்டரை அதோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எந்த பில்லுக்குக் கட்டிய வரியை வரவாக எடுக்கலாம், எதற்கு எடுக்கக் கூடாது என்று பிரிக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்கள் அதை முடித்து 20-ம் தேதிக்குள் 3பி என்கிற மாத ரிட்டர்ன் போட வேண்டும். 14-க்கும் 20-க்கும் நடுவில் உள்ள ஆறு நாள் எங்கள் தொழிலில் பிரசவ வார்டு மாதிரி. யாரும் யாரோடும் சிரித்துப் பேச மாட்டோம்.

பென்டிரைவில் இருந்தவை இரண்டே ஃபைல். ஒன்று அக்டோபர் மாதக் கொள்முதல் ரிஜிஸ்டர், 214 பில். இன்னொன்று அதே மாதத்து 2பி. ஒப்பிட்டுக் கொடுக்க வேண்டும். கெடு 19-ம் தேதி செவ்வாய்க்கிழமை காலை.

கொழுந்தனாரின் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பையன் தூங்கிய பிறகு, இரண்டு ராத்திரி, மொத்தம் பதினான்கு மணி நேரம். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் செய்தேன். மூன்று வருஷம் மாத்திரை வேளையையும் டயப்பர் கணக்கையும் எழுதிய கைக்கு, திரும்ப ஒரு ரிஜிஸ்டர் கிடைத்த சந்தோஷம் அது. 31 பில்கள் ஒத்துப்போகவில்லை. சிலதில் பில் நம்பரில் ஒரு சைபர் குறைவு, சிலதில் தேதி மாற்றம், ஏழு பில்களை விற்றவர் தாக்கலே செய்யவில்லை.

அதைவிடப் பெரிய விஷயங்கள் இரண்டு அகப்பட்டன. அவர்கள் புதிதாக ஆறு காட்டேஜ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வாங்கிய 500 மூட்டை சிமெண்ட், வரிக்கு முந்தின விலை 1,38,000. சிமெண்டுக்கு அப்போது 28 சதவீதம், ஆக வரி 38,640. அதை வரவாக எடுத்து வைத்திருந்தார்கள். சொந்தக் கட்டடம் கட்ட வாங்கும் சாமானுக்கு அப்படி எடுக்க முடியாது, சட்டத்தில் 17(5) பிரிவு தெளிவாகத் தடுக்கிறது. அடுத்தது உணவகம். சாப்பாட்டு பில்லில் 5 சதவீதம்தான் போடுகிறார்கள் என்று மேனேஜரே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். 5 சதவீதம் போடுகிற உணவகம், மளிகைக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது. நெய், எண்ணெய், முந்திரி என்று 19 பில்களுக்கு எடுத்திருந்தார்கள். ‘ஆஹா, வேண்டுமென்றே தப்பை வைத்துத்தான் கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்’ என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் எக்ஸெலில் போட்டேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. சேகோ மில்லில் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரிய கணக்குப்பிள்ளை, தெரியாததை ஊகித்து எழுதாதே, கடைசியில் ‘கேட்கணும்’ என்று ஒரு கட்டம் போட்டு அதில் எழுது என்பார். அன்றிலிருந்து என் ஷீட் எதுவானாலும் கடைசிக் கட்டம் தமிழில் ‘கேட்கணும்’, மஞ்சள் வண்ணத்தில். இந்த ஷீட்டிலும் அப்படியே. 19-ம் தேதி காலை 6.40-க்கு மெயில் அனுப்பினேன். வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்து, “இத்தனை சுத்தமா செஞ்சா பரீட்சைப் பேப்பரையே நாளைக்கு ஃபைல் பண்ணிடுவாங்க” என்றார். சிரித்தேன்.

அப்புறம் ஒன்பது நாள் சத்தமே இல்லை. 28-ம் தேதி அந்தப் பெண் கூப்பிட்டாள். டெஸ்ட் ‘எக்ஸலெண்ட்’டாம், டிசம்பர் 3-ம் தேதி எம்டியைப் பார்க்க வர வேண்டுமாம். நடுவில் ஃபெஞ்சல் புயல் வந்தது. ஏற்காட்டில் கொட்டிய மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. இதை நான் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அவர்கள் மலை மேலேயே இருக்கிறார்கள். ஆனாலும் இரண்டாம் தேதி சாயந்திரம் நான் போன் செய்து கேட்டபோது, “மேடம், எம்டி சார் ஷெட்யூல் மாத்தலையே… குப்பனூர் வழியா ட்ரை பண்ண முடியுமா?” என்றாள். அவளாகச் சொல்லவில்லை, யாரோ சொல்லச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது குரலிலேயே தெரிந்தது. முடியாது கண்ணு, எனக்கு ஒரு பையன் இருக்கிறான் என்றேன். ராத்திரி பத்தரைக்கு மெசேஜ் வந்தது, 11-ம் தேதிக்கு மாற்றியாயிற்று என்று. எம்டி அன்றைக்கு மலையிலேயே இல்லை என்பது பிறகு வாட்ச்மேன் பெரியவர் சொல்லித்தான் தெரியும்.

11-ம் தேதி. இந்த முறை காத்திருப்பு இரண்டு மணி நேரம்தான். முன்னேற்றம். எம்டி என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். பக்கத்தில் மேனேஜர். என் பயோடேட்டா மேஜையில் தலைகீழாகக் கிடந்தது, அதைத் திருப்பக்கூட இல்லை.

“மூணு வருஷம் கேப் இருக்கே, என்ன பண்ணீங்க?”

“மாமியாருக்குப் பக்கவாதம் சார். கூட இருந்து பார்த்துக்கிட்டேன்.”

“ஓ. இப்ப நீங்க வேலைக்கு வந்துட்டா அவங்களை யார் பார்ப்பா?”

“போன மார்ச்சில் தவறிட்டாங்க சார்.”

“ஓகே ஓகே. அப்ப ப்ராப்ளம் இல்லை.”

இதை எழுதும்போதுகூட எனக்கு அந்த அறையின் வாசனை வருகிறது, யூகலிப்டஸ் தைலம் போட்டுத் துடைத்த தரை. அவர் கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார், போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அவ்வளவுதான். மேனேஜர் மட்டும் ஒரு வினாடி தலையைக் குனிந்துகொண்டார். அப்புறமும் கேள்விகள் வந்தன. இன்னொரு குழந்தை உண்டா, வீட்டுக்காரர் மலையில் தங்க விடுவாரா, பையன் ஸ்கூல் மீட்டிங்குக்கு லீவு கேட்பீங்களா. டெபிட், கிரெடிட் பற்றி ஒன்றும் இல்லை. ஆணாக இருந்தால் எதைக் கேட்டிருப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

சங்கடத்தை மாற்றவோ என்னவோ, மேனேஜர் என்னைப் பாராட்டத் தொடங்கினார். “சார், டெஸ்ட்டில இவங்கதான் பெஸ்ட். அந்த சிமெண்ட் பில்லு 38,640 இவங்க பார்த்து சொன்னதுதான். அதை எடுத்துட்டுதான் ஃபைல் பண்ணினோம். இல்லைன்னா வட்டியோட கட்டியிருக்கணும்.”

அங்கேதான் எனக்கு உறைத்தது. 14-ம் தேதி 2பி வந்திருக்கிறது, 16-ம் தேதி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள், 19-ம் தேதி காலை வாங்கியிருக்கிறார்கள், 20-ம் தேதி தாக்கல் செய்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் வாயில் நுரையோடு சொன்ன ஜோக் வேதவாக்காகிவிட்டது. கேள்வித்தாளில் யாரும் வேண்டுமென்று தப்பு வைக்கவில்லை. அது கேள்வித்தாளே இல்லை.

அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. வேலை வேண்டியிருந்தது. ‘சரி, வேலை தெரிந்தவள் என்று நிரூபித்தாயிற்று, இனி தராமல் எங்கே போவார்கள்’ என்று உட்கார்ந்திருந்தேன்.

சம்பளப் பேச்சு வந்தது. விளம்பரத்தில் இருந்த 22,000 உண்மைதான், ஆனால் அது சிடிசி, அதாவது எனக்காக முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு. ஒரு தாளைத் தள்ளினார்கள். அடிப்படைச் சம்பளம் 12,000. முதலாளி எனக்காகக் கட்டும் பிஎஃப் 1,440, கிராஜுவிட்டி 577, இஎஸ்ஐ 551, எல்லாம் அந்த 22,000-க்குள். அப்புறம் விளம்பரத்தில் இலவசம் என்று போட்ட உணவு, தங்குமிடம், அதற்கு 2,500. அதுவும் உள்ளேயே. மிச்சம் 16,932. அதில் என் பங்கு பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 127 கழித்தால் கைக்கு வருவது 15,365. மூன்று வருஷத்துக்கு முன் சேகோ மில்லில் கையில் வாங்கியதே 19,500. கிராஜுவிட்டி, ஐந்து வருஷம் இருந்தால்தான் கிடைக்கிற பணம். அதை முதல் மாதமே என் சம்பளம் என்று எழுதிக் காட்டுகிற தாளை ஒரு கணக்குக்காரியிடமே நீட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அதுவும் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று சரியாகப் போட்டிருந்தார்கள். அதற்காக அரை நட்சத்திரம் தருகிறேன், மொத்தம் ஒன்றரை ஆயிற்று.

தினமும் போய் வந்துவிடுகிறேன், தங்குமிடம் வேண்டாம், அந்த 2,500-ஐக் கையில் கொடுங்கள் என்றேன். ‘பாலிசி இல்லை’ என்றார்கள். கடைசியாக இன்னொன்று. சேரும்போது பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி ஒரிஜினல் சர்டிஃபிகேட் மூன்றையும் ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருஷம் கழித்துத் தருவார்கள். ஒரிஜினலைக் காட்டுகிறேன், ஜெராக்ஸ் தருகிறேன், ஒரிஜினலை வைத்துவிட்டு வர மாட்டேன் என்றேன். அடகுக் கடையில் நகையை வைத்தால் பணமாவது தருவார்கள். இதைச் சொல்லவில்லை, மனசுக்குள் வைத்துக்கொண்டேன். எம்டி முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். “ரெண்டு நாள்ல ஹெச்ஆர் சொல்வாங்க.”

யாரும் சொல்லவில்லை. 14-ம் தேதி மெசேஜ் போட்டேன், நீல டிக் விழுந்தது. 18-ம் தேதி போன் செய்தேன், “அக்கா, மேலிருந்து இன்னும் அப்ரூவல் வரலை” என்றாள். மேடம் போய் அக்கா ஆகியிருந்தேன். 26-ம் தேதி போனை எடுக்கவே இல்லை. இதற்கு நடுவில் அஸ்தம்பட்டியில் ஒரு ஆடிட்டர், மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். மலையில் கிடைத்துவிடும் சார் என்று சொல்லிவிட்டேன். வேறு ஒருவரைப் போட்டுக்கொண்டார். இந்த நஷ்டத்தை அவர்கள் மேல் முழுசாகப் போட மாட்டேன், என் அவசரமும் இருக்கிறது. ஆனால் ‘இல்லை’ என்று ஒரு வரி வந்திருந்தால் நான் ‘சரி’ என்று ஆடிட்டரிடம் போயிருப்பேன்.

ஒரு வரி எவ்வளவு பெறும் என்பது ஜனவரியில் தெரிந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரியிடம் போனேன். கடைக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறை, தராசு, இரும்புப் பெட்டி, சுவரில் கோட்டை மாரியம்மன் காலண்டர். பெரியவர் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பட்டறைக்கு வெள்ளி கட்டியாப் போகுது, கொலுசாத் திரும்பி வருது. எடை குறையும். அந்தச் சேதாரத்தை எங்க எழுதுவீங்க?” நான் கூலியோடு சேர்த்து என்று இழுத்தேன். பட்டறைவாரியாக எடையிலேயே தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். பையனை அனுப்பித் தட்டுவடை செட் வாங்கி வரச் சொன்னார். இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். அன்று சாயந்திரம் ஏழு மணிக்குப் போன். “அம்மா, வேற ஒரு பையனைப் போட்டுட்டேன். ஏற்கெனவே வெள்ளிக் கணக்கு எழுதினவன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க.” வேலை கிடைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வீட்டு நோட்டில் ஏற்காட்டுச் செலவை எழுத உட்கார்ந்தேன். பஸ்ஸும் ஆட்டோவும் 1,260. வெளியில் சாப்பிட்டது 310. ஜெராக்ஸ், போட்டோ 140. ஆக 1,710 ரூபாய். மூன்று பகல், பதினான்கு மணி நேரம் ராத்திரி வேலை தனி. எந்தத் தலைப்பில் போடுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். செலவு என்றால் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். கடன் கொடுத்தது என்றால் திரும்பி வர வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர் புண்ணியத்தில் புதுத் தலைப்பு கிடைத்தது. ‘சேதாரம்’ என்று எழுதி மூடினேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். 2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அம்மாப்பேட்டையாம், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, போன வருஷம்தான் பி.காம் முடித்திருக்கிறாள். நான் டாலி படித்த சென்டரில் அவளும் படித்திருக்கிறாள், அங்கிருந்த சார் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

“அக்கா, ஏற்காட்டில ஒரு ரிசார்ட்டுல இன்டர்வியூ. டெஸ்ட்டுக்கு பென்டிரைவ் கொடுத்திருக்காங்க. 2பி ரீகன்சிலியேஷன். மாடலுக்கு ஒரு ஷீட்டும் வச்சிருக்காங்க, அதே ஃபார்மேட்ல வேணுமாம். எனக்கு அதுல ஒரு காலம் புரியலை. மஞ்சள் கலர்ல, தமிழ்ல இருக்கு. ‘கேட்கணும்’னு போட்டிருக்கு. யாரைக் கேட்கணும்க்கா?”

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் எந்த மாதத்து ரிஜிஸ்டர் என்று கேட்டேன். ஜனவரி. எத்தனை பில்? 190-க்கு மேல். எப்போது தர வேண்டும்? 19-ம் தேதி காலை. நேற்றுத்தான் மலைக்குப் போய் வாங்கி வந்தாளாம். பஸ்ஸில் வாந்தி எடுத்தாளாம்.

மேனேஜரையும் நினைத்துப் பார்த்தேன். 13-ம் தேதி பார்த்த அந்தக் கருவளையமும், மேஜை மேல் பில் கட்டுகளும். ஒற்றை ஆளாக மூன்று பேர் வேலையைத் தூக்குகிறார். ஆள் எடுக்க மேலே சம்மதம் கிடைக்கவில்லை, இன்டர்வியூ வைக்க மட்டும் கிடைக்கிறது. உட்கார்ந்து சதித் திட்டம் போட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மாதம் தற்செயலாகச் சமாளித்திருப்பார், அது வசதியாக இருந்திருக்கும், அடுத்த மாதமும் செய்திருப்பார். ஆனால் வாந்தி எடுத்தது அந்தப் பிள்ளை.

செய்யாதே என்று நான் சொல்லவில்லை. முதல் வேலைக்கு அலைகிற பிள்ளையிடம் அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை. ஒன்றே ஒன்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். வீட்டில் விசேஷம், 19-ம் தேதிக்குப் பதில் 21-ம் தேதி காலை தருகிறேன், இன்னும் சுத்தமாகச் செய்து தருகிறேன், சரியா என்று மெசேஜ் போடு. டெஸ்ட்தானே, இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது.

அரை மணி நேரத்தில் அவளே திரும்பக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் பதில் உடனே வந்துவிட்டதாம். படித்துக் காட்டினாள்.

“21 என்றால் வேண்டாம் மேடம். பென்டிரைவை மட்டும் கூரியரில் அனுப்பிடுங்க.”